உடல் உரைத்த தூது

ஆண்டுதோறும் ஜூலை 31ஆம் நாள் புனித இஞ்ஞாசியாரின் திருநாளைக் கொண்டாடுகிறோம். அது அவர் இறந்த நாள். பம்பலோனாக் கோட்டையில் குண்டடிபட்டு வீழ்ந்த போர்வீரரை நாம் அறிவோம். இயேசு சபையைத் தோற்றுவித்தவரை அறிவோம். புனித சவேரியாரின் தோழர், அவரைக் கீழை நாடுகளுக்கு அனுப்பி வைத்தவர் என்ற உரிமையோடும் அவரை நினைக்கிறோம். ஆனால் அவர் எவ்வாறு இறந்தார் என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரியாது.

மறைசாட்சியரின் மரணத்தில் காண்பது போல அதில் வாளும் இல்லை, நெருப்பும் இல்லை. முந்திய நாள் மாலை அவர் ஒரு சிறு வேண்டுகோள் விடுத்தார். அது மறுநாளைக்குத் தள்ளி வைக்கப்பட்டது. மறுநாள் காலையில் அவர் இறந்துபோனார். அவ்வளவே. எனினும் அந்த மாலைப்பொழுதை எண்ணிப் பார்க்கும்போது, நம் வீடுகளில் அன்றாடம் நிகழும் ஒன்று நினைவுக்கு வருகிறது. "நெஞ்சு கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கிறது" என்று ஒரு தாய் சொல்வார். "வாயுவாக இருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வரும். பல வேளைகளில் அந்தப் பதிலைச் சொல்பவரும் அந்தத் தாயே.

உடல் நமக்குத் தூது அனுப்புகிறது. அதைக் கேட்பதா, கேளாதிருப்பதா என்பது மருத்துவமனையோடு முடிந்துவிடும் செய்தி அன்று. அது ஆன்மீக வாழ்வையும் தொடும் செய்தி. இதை இஞ்ஞாசியார் துன்பப்பட்டுக் கற்றுக்கொண்டார். கற்றதைப் பிறருக்கும் கற்பித்தார்.

வேலையாளாக நடத்தப்பட்ட உடல்

1521 மே 20ஆம் நாள் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு அவருடைய வலக்காலை நொறுக்கியது, இடக்காலிலும் காயம். லொயோலா மாளிகைக்குத் தூக்கிச் செல்லப்பட்டபோது எலும்புகள் சரியாகப் பொருந்தவில்லை என்று கண்ட மருத்துவர்கள், காலை மீண்டும் உடைத்துப் பொருத்தினார்கள். அவர் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். ஆனால் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு புடைத்து நின்றது. கால் குட்டையாகவும் இருந்தது. அரசவையில் அணியும் அழகிய காலணி அந்தக் காலில் ஏறாது. எனவே அந்த எலும்பை அறுத்து எடுக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. இத்தகைய வேதனைகளின்போதெல்லாம் அவர் வாய்திறந்து முனகவில்லை. கைகளை இறுக மூடிக்கொண்டதே அவர் வெளிப்படுத்திய ஒரே அடையாளம்.

அன்று அவருக்கு உடல் ஒரு வேலையாள். ஏவியதைச் செய்ய வேண்டும்; எதிர்த்துப் பேசக்கூடாது. பின்னர் நோய்ப்படுக்கையில் கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர் வரலாறுகளையும் படித்து மனம் மாறினார். ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். வாழ்வின் நோக்கம் மாறிற்று; உடலை அவர் நடத்திய விதம் உடனே மாறவில்லை. முன்பு காலணிக்காக வருத்திய உடலை இப்போது கடவுளுக்காக வருத்தத் தொடங்கினார். ஏவுபவரும் அவரே, ஏவப்பட்டதும் அதே உடல்.

மான்ரேசாவில் நிகழ்ந்தது

1522 மார்ச் மாதம் அவர் மான்ரேசா என்னும் சிற்றூரை அடைந்தார். ஏறத்தாழ 11 மாதங்கள் அங்கே தங்கினார். பிச்சை எடுத்து உண்டார். இறைச்சியைத் தொடவில்லை. நாள்தோறும் 7 மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார்; நள்ளிரவிலும் எழுந்து செபித்தார். முன்பு அழகுபார்த்த தலைமுடியை வாராமலும் வெட்டாமலும் விட்டார், நகங்களையும் வளரவிட்டார்.

பின்னர் பாவங்களைப் பற்றிய ஓயாத ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. எத்தனை முறை ஒப்புரவு செய்தாலும், ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற கலக்கம் தீரவில்லை. தம் அறையிலிருந்த ஒரு பெரும் துவாரத்தின் வழியே வீழ்ந்து மடிந்துவிடலாம் என்ற சோதனையும் வந்தது. கடவுள் தமக்கு அமைதி தரும்வரை உண்பதில்லை என்று முடிவுசெய்து, ஒரு வாரம் முழுவதும் உணவையும் நீரையும் விலக்கினார். அடுத்த ஞாயிறு அவருடைய ஒப்புரவுக் குரு இதைக் கேட்டறிந்து, நோன்பை முறிக்கும்படி கட்டளையிட்டார். அவரும் கீழ்ப்படிந்தார்.

அந்தக் குருவின் பெயர் வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஆயினும் அவர் சொன்ன அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காத்தது. தம் உடலின் குரலைக் கேட்க இயலாத நிலைக்கு ஒருவர் வந்துவிடும்போது, அவருக்காக வேறொருவர் கேட்க வேண்டியிருக்கிறது.

இதே மான்ரேசாவில் மற்றொன்றும் நிகழ்ந்தது. பகலெல்லாம் செபித்துக் களைத்து அவர் உறங்கச் செல்லும்போது, பேரொளியும் ஆறுதலும் உள்ளத்தில் பெருகி வந்தன. அவற்றில் திளைத்து, உறக்கத்திற்கென ஒதுக்கிய சிறு பொழுதையும் இழந்தார். நாளடைவில் ஒரு கேள்வி எழுந்தது: கடவுளோடு உரையாட இவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்க, உறங்க வேண்டிய வேளையில் மட்டும் ஏன் இந்த ஆறுதல்கள் வருகின்றன? இவை உண்மையிலேயே நல்ல ஆவியிடமிருந்து வருபவையா? ஆராய்ந்து பார்த்து, அவற்றை விலக்கி உறங்குவதே நல்லது என்று தெளிந்தார்.

இது சிறு நிகழ்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் பின்னாளில் உலகமே அவரிடம் கற்ற 'தேர்ந்து தெளிதல்' என்னும் கலையின் முதற்பாடங்களுள் ஒன்று இதுவே. புனிதமாகத் தோன்றும் ஒன்று உடலைச் சிதைக்குமானால், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கண்ணின் களைப்பும் ஓர் அடையாளம். அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தவரே ஆன்மீகத்தில் முதிர்ந்தவர். நாளடைவில் அவர் கடுந்தவத்தைத் தளர்த்தினார். முடியையும் நகங்களையும் வெட்டிக்கொண்டார்.

எனினும் அதற்குள் உடல் வெகுவாகப் பாதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கடுங்குளிர் காலத்தில் அவர் நோயுற்றுக் கிடந்தார். ஊர்ப் பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டார்கள். காலணியும் தலைக்கு மூடியும் தடித்த மேலாடையும் அணிந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் வயிற்றுவலி அடிக்கடி வந்தது. பாரீசில் படித்தபோது அந்த வலி 15 நாட்களுக்கு ஒருமுறை காய்ச்சலோடு வந்தது. ஒருமுறை 16, 17 மணி நேரம் விடாமல் நீடித்தது. மருந்துகள் பயன் தராததால், பிறந்த மண்ணின் காற்றே இனி மருந்து என்றார்கள் மருத்துவர்கள். தோழர்களும் வற்புறுத்தவே, 1535ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். மான்ரேசாவில் கட்டளையிட்டால்தான் கேட்ட மனிதர், இப்போது அறிவுரைக்கே இணங்கினார்.

கற்றதைக் கற்பித்தார்

இஞ்ஞாசியார் எழுதியவையும் அவர் பணிப்படி எழுதப்பட்டவையுமாக ஏறத்தாழ 7000 கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. பார்சலோனாக் கன்னியர் மடத்தைச் சேர்ந்த தெரேசா ரெஜாதெல் என்னும் சகோதரிக்கு 1536இல் எழுதிய கடிதத்தில், உறக்கத்தைக் கெடுக்கும் தியானம் வேண்டாம் என்று அறிவுறுத்தினார். உடல் நலமாக இருந்தால் அவரால் மிகுதியாகச் செய்ய இயலும் என்றும், நோயுற்றால் என்ன செய்ய இயலுமோ தாம் அறியோம் என்றும் எழுதினார்.

காந்தியாவின் கோமகன் பிரான்சிஸ் போர்ஜியா 1546இல் மனைவியை இழந்தபின் கடுந்தவத்தில் இறங்கினார். பருத்த உடலினரான அவர் நோன்பினால் மிகவும் மெலிந்துபோனார். அவருக்கு இஞ்ஞாசியார் 1548 செப்டம்பர் 20ஆம் நாள் எழுதிய கடிதம், தவக்காலந்தோறும் நம் பங்குகளில் விளக்கப்பட வேண்டிய ஒன்று. செபத்திற்கும் பயிற்சிகளுக்கும் செலவிடும் நேரத்தில் பாதியைக் குறைக்கச் சொன்னார். நோன்பைத் தளர்த்தி வயிற்றைப் பேணச் சொன்னார். இரத்தம் வருமளவு தம்மை அடித்துக்கொள்வதை விடச் சொன்னார். அதற்கு அவர் காட்டிய காரணம் உடலின் சுகம் அன்று. உடல், ஆன்மா ஆகிய இரண்டும் படைத்தவருடையவை. இரண்டிற்கும் நாம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதே காரணம். தம் வயிற்றைத் தாமே கெடுத்துக்கொண்ட ஒருவர் எழுதிய சொற்கள் இவை என்பதை மறந்துவிடலாகாது.

இயேசு சபையின் சட்டங்களில் உடலைப் பேணுவதற்கென்றே தனிப் பகுதி அமைத்தார். உடலைப் பற்றி மிதமிஞ்சிக் கவலைப்படுவது எவ்வாறு தவறோ, அவ்வாறே இறைபணிக்காக அதை அளவோடு பேணுவது பாராட்டத்தக்கது என்று அங்கே எழுதினார். உணவோ உடையோ தங்குமிடமோ பணியோ தமக்குத் தீங்கு செய்வதாக ஒருவர் உணர்ந்தால், செபித்து ஆராய்ந்தபின் அதைத் தலைவரிடம் தெரிவிக்க வேண்டும். மறைத்து வைப்பது தவம் ஆகாது; எடுத்துரைப்பதே கீழ்ப்படிதல். உறங்குவதற்கு 6 முதல் 7 மணி நேரம் என்ற அளவையும் குறிப்பிட்டார்.

நம் மண்ணின் அன்பர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழலாம். முத்துக்குளித்துறையில் உழைத்த சவேரியார் தம் உடலைப் பொருட்படுத்தினாரா? திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கைகள் சோர்ந்துவிட்டன என்றும், மக்களின் மொழியில் விசுவாச அறிக்கையையும் கட்டளைகளையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் எழவில்லை என்றும் 1544 சனவரியில் உரோமைத் தோழர்களுக்கு எழுதினாரே! 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கடற்கரைக்கு அருகே ஒரு தீவில், 46ஆம் வயதில் காய்ச்சலால் இறந்தாரே! உண்மைதான். ஆனால் அன்பினால் உடலைக் கொடுப்பது வேறு, கவனமின்மையால் அதைச் சிதைப்பது வேறு. கொடுப்பவர் தாம் எதைக் கொடுக்கிறோம் என்று அறிவார். சவேரியார் தம் சோர்வை மறைக்கவில்லை. தோழர்களிடம் வெளிப்படையாக எழுதினார். சிதைப்பவரோ கையில் இருப்பது என்னவென்றே பார்ப்பதில்லை.

அந்த வியாழன் மாலை

1541 முதல் சபையின் தலைவராக இருந்த இஞ்ஞாசியார் பன்முறை நோயில் விழுந்து எழுந்தார். உடல்நலக் குறைவு முதலிய காரணங்களைக் காட்டி 1551 சனவரியில் பதவி விலக முன்வந்தார். கூடியிருந்தோர் அதை ஏற்கவில்லை. 1556ஆம் ஆண்டுக் கோடையில் மீண்டும் நலிந்தார். அப்போது சபையில் ஏறத்தாழ 1000 பேர் இருந்தனர்.

ஜூலை 30, வியாழக்கிழமை. மாலையில் அவர் தம் செயலர் பொலாங்கோவை அழைத்தார். உடனிருந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, திருத்தந்தை நான்காம் பவுலிடம் சென்று, தாம் முடிவை நெருங்கிவிட்டதாகத் தெரிவித்து, அவருடைய ஆசீரைக் கேட்டு வருமாறு பணித்தார். பொலாங்கோ திகைத்தார். மருத்துவர்கள் இந்நோயில் ஆபத்து ஒன்றும் காணவில்லையே என்றார். அத்துடன், அன்று மாலை இஸ்பானியாவுக்குச் செல்லும் தபாலுக்காகக் கடிதங்களை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. திருத்தந்தையிடம் நாளை சென்றால் போதுமா என்று கேட்டார். நாளையைவிட இன்று போவதையே தாம் விரும்புவதாகவும், விரைவில் போனால் நல்லது என்றும் இஞ்ஞாசியார் சொன்னார். ஆயினும் பொலாங்கோவுக்குச் சரியெனப் படுவதைச் செய்யலாம், தம்மை முற்றிலும் அவர் கைகளில் விட்டுவிடுவதாகச் சொல்லி முடித்தார்.

பொலாங்கோ மருத்துவரைக் கேட்டார். ஆபத்து உண்டா என்பதை நாளை சொல்வதாக அவர் விடையளித்தார். இரவு உணவின்போது இஞ்ஞாசியார் வழக்கம்போல் உரையாடினார். கடிதங்கள் எழுதப்பட்டன, தபாலும் புறப்பட்டது. விடியற்காலையில் வந்து பார்த்தவர்கள், அவர் இறுதி மூச்சில் இருக்கக் கண்டார்கள். பொலாங்கோ திருத்தந்தையிடம் விரைந்தார், ஆசீரும் பெற்றார். அவர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நோயில் பூசுதலும் இல்லை, வழித்துணை உணவும் இல்லை.

இவற்றையெல்லாம் பொலாங்கோவே ஆகஸ்ட் 6ஆம் நாள் எழுதிய கடிதத்தில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். 1547 முதல் இஞ்ஞாசியாரின் கடிதங்களுள் பெரும்பாலானவை அவர் கைவழியே சென்றவை. உடலைப் பேணுங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சென்ற அறிவுரைகளை எழுதிய அதே கை, அந்த மாலையும் எழுதிக்கொண்டிருந்தது. அவர் அன்பற்றவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். மூன்று காரணங்களால் அந்தக் குரல் கேட்கப்படாமல் போயிற்று. அவர் அடிக்கடி நோயுற்றுப் பிழைத்தவர். ஆகவே இம்முறையும் பிழைப்பார் என்று நம்பினார்கள். அவர் அமைதியாகச் சொன்னார். ஆகவே அவசரம் என்று தோன்றவில்லை. வேலையோ உரத்த குரலில் அழைத்தது.

இறந்தபின் அவருடைய உடலை ஆய்வு செய்தவர், அக்காலத்தின் புகழ்பெற்ற உடற்கூறு அறிஞரான ரெயால்தோ கொலோம்போ. சிறுநீரகங்களிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் பெருஞ்சிரை ஒன்றிலும் எண்ணற்ற கற்களைத் தம் கையால் எடுத்ததாக 1559இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். பித்தப்பையில் உண்டாகும் கற்களே இந்நோயின் வேர் என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகின்றனர். மேல்வயிற்றிலும் முதுகிலும் பரவும் அந்த வலியை வயிற்றுக்கோளாறு என்று எண்ணுவது இன்றும் எளிது. நீண்ட நாள் உண்ணாதிருந்தால் பித்தநீர் தேங்கிக் கற்கள் உருவாகக்கூடும் என்பதையும் இன்றைய மருத்துவம் அறியும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வலி சரியான செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கால மருத்துவத்திற்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. நமக்கோ படிக்கத் தெரிந்திருந்தும், கடிதத்தைப் பிரிப்பதில்லை.

நாம் கேட்கிறோமா?

1936ஆம் ஆண்டு ஹான்ஸ் செல்யே என்னும் மருத்துவ அறிஞர், நெருக்கடிக்கு ஆளாகும் உடல் மூன்று நிலைகளைக் கடக்கிறது என்று விளக்கினார். முதலில் அபாய அறிவிப்பு. அடுத்து எதிர்த்து நிற்றல். இறுதியில் சோர்ந்து வீழ்தல். இவற்றுள் நம்மை ஏமாற்றுவது இரண்டாம் நிலை. முதலில் எழுந்த கூக்குரல் அடங்கிவிடும். 'எல்லாம் பழகிவிட்டது' என்று நாம் சொல்லிக்கொள்வோம். உண்மையில் உடல் பழகவில்லை. தன் இருப்பைச் செலவழித்துத் தாக்குப்பிடிக்கிறது.

உறக்கம் கெடுதல், காரணமின்றி எரிச்சல், ஓயாத தலைவலி, பசியின்மை, நெஞ்சுப் படபடப்பு, எத்தனை ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு ஆகியவை உடல் அனுப்பும் முதல் கடிதங்கள். மார்பு இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவையோ அவசரத் தந்திகள். பெண்களுக்கு மார்புவலி இல்லாமலே மூச்சுத்திணறலும் குமட்டலும் அளவற்ற சோர்வும் மாரடைப்பின் அறிகுறிகளாக வரக்கூடும். இவற்றுக்கு ஓமத் தண்ணீரும் சோடாவும் விடை ஆகா. உடனே மருத்துவமனைக்குச் செல்வதே விடை.

நம் குடும்பங்களில் எல்லாருக்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்டு, எல்லாரும் உறங்கியபின் படுத்து, எல்லாருக்கும் முன்பாக எழும் தாய்மார் இருக்கிறார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் பங்குப் பணிக்கும் ஓடிவரும் உபதேசியார்களும் அன்பியப் பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய தியாகத்தைப் புகழ்ந்து பேசுகிறோம். ஆனால் "உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறோமா? ஓடிக் களைத்துச் சாவை விரும்பிய எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அறிவுரை அன்று. உறங்க விட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். பணி முடித்துத் திரும்பிய சீடர்களிடம் தனிமையான இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்கச் சொன்னவர் நம் ஆண்டவர்.

இரவு படுக்கைக்குச் செல்லுமுன் ஆன்ம சோதனை செய்யும் வழக்கத்தை இஞ்ஞாசியார் வற்புறுத்தினார். அந்தச் சில நிமிடங்களில் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்வோம். இன்று என் உடல் என்னிடம் என்ன சொல்லிற்று? என்னோடு வாழ்பவர்களில் யாராவது மெல்லிய குரலில் ஏதாவது சொல்லி, நான் நாளைக்கு என்று தள்ளி வைத்தேனா?

வலி தாங்கும் திறத்தில் இஞ்ஞாசியாரை மிஞ்சியவர் அரிது. அவரே அந்த மாலையில், நாளையைவிட இன்றே நல்லது என்று சொன்னார். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. நம் வீட்டிலும் அமைதியாகச் சொல்பவர்கள் இரண்டாம் முறை சொல்லமாட்டார்கள். முதல் முறையிலேயே கேட்டுக்கொள்வது நம் கடமை.